கைப்பிடி இல்லாத பை

16 செப்டம்பர் 1978, சனி

திருடினேன் என்று மட்டும் சொல்லாதே பவளம். கேட்காமல் எடுத்தேன், அவ்வளவுதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா? மாட்டாய். அப்புறம் எதற்குக் கேட்பது?

விடியற்காலையிலேயே கத்தித் தீர்த்துவிட்டு மலைக்குப் போய்விட்டாய். பதில் சொல்ல எனக்கு இடமே கொடுக்கவில்லை. அதனால் இதில் எழுதுகிறேன். கட்டின பெண்டாட்டிக்குப் படிக்கத் தெரியாதது இந்த மாதிரி நேரத்தில் ஒரு வசதி.

என்ன பெரிய குற்றம் செய்துவிட்டேன்? கொழுந்து எடுக்கிற பெண்கள் பனியில் புடவை நனையாமல் இடுப்பைச் சுற்றி ரப்பர் துணி கட்டுகிறீர்களே, அந்தப் படங்கை வெட்டினேன். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு உனக்கு ஐம்பத்தைந்து வயது. ஆள் கணக்கு எழுதுகிற செக்ரோலில் இருந்து பேரை எடுத்துவிடுவார்கள். பேர் போன பிறகு படங்கு எதற்கு? சுவரில் மாட்டிக் கும்பிடவா? "இன்னும் பதினாலு நாளுதானே, அதுவரைக்கும் ஒரு சாக்கக் கட்டிக்க" என்றேன். அதற்கு நீ, "பதினாலு நாளுன்னு ஒனக்கு எவன்யா சொன்னான்?" என்றாய். கவர்மெண்டு சொல்லுது, நானா சொல்றேன்?

கடைசியில் உரம் வந்த பாஜா சாக்கைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வேலம்மாவோடு ஏறிப் போனாய். பின்னாலிருந்து பார்த்தேன். சாக்கில் 50 கிலோ என்று அச்சடித்திருந்தது. அந்த எழுத்து உன் பின்பக்கத்தில் சரியாக விழுந்திருந்தது. 'குறைச்சுப் போட்டிருக்கானுங்க' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்குச் சோறு கிடைத்திருக்காது.

17 செப்டம்பர், ஞாயிறு

பை என்றால் சும்மா பை இல்லை.

போன வருடம் ஸ்டோருக்குத் தேயிலை காய்வதைப் பார்க்க ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தாள். கக்கத்தில் ஒரு பையை இடுக்கியிருந்தாள். கடிதம் போடுகிற உறை மாதிரி மூடி மடங்கி இருந்தது. தோளில் மாட்ட வார் இல்லை, கையில் தூக்கப் பிடி இல்லை. பவளம் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதையே பார்த்தாள். வீட்டுக்கு வந்தும், "அதுக்குள்ள என்னதாங்க வெச்சிருப்பாங்க?" என்று கேட்டாள். இவள் ஒரு சாமானைப் பற்றி இரண்டாம் முறை கேட்டது முப்பத்தாறு வருடத்தில் அது ஒன்றுதான்.

முப்பதாம் தேதி ஆபீசில் தேத்தண்ணி கொடுத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்புவார்கள். அன்றைக்கும் முந்தானையில் காசை முடிந்துகொண்டா போய் நிற்பாள்? அதற்காகத்தான் இந்தப் பாடு.

ஸ்டோரில் இருபத்தாறு வருடம் கிழிந்த சாக்குத் தைத்தவன் நான். கோணி ஊசி என்னோடு பேசும். படங்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வெயில் இல்லாததால் அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டேன். நல்ல பக்கத்தைப் பார்த்து மூன்று மடிப்பாக வெட்டினேன். உள்ளே வைக்கத் தேயிலைப் பெட்டி ஈயத்தாள் இருந்தது. அது தையலுக்கு நிற்காமல் கிழிந்தது. கம்பி போன குடையின் துணியை எடுத்து, மாவுப் பசை தடவி ஈயத்தாளை அதில் ஒட்டி, மேலே இன்னொரு குடைத்துணி வைத்துத் தைத்தேன். நூலுக்கு மெழுகுவத்தி தேய்த்தேன். ரப்பர் துணியில் ஊசி போவேனா என்கிறது. பெருவிரலில் இரண்டு ஓட்டை. பொத்தான், பழைய ஜாகாவின் கோட்டில் இருந்தது. காவல்காரன் பொத்தான், பைக்கும் காவல் இருக்கட்டும்.

பவளம் கீரை ஆய்ந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"கைப்பிடி எங்க?"

"இதுக்குக் கைப்பிடி கெடையாது. கக்கத்துல இடுக்கிக்கணும்."

"இடுக்கிக்கிட்டுக் கொழுந்து எப்படி எடுக்கறது?"

"நீதான் இனிமே கொழுந்தே எடுக்கப்போறதில்லையே, தொரையம்மா!"

சிரிப்பாள் என்று பார்த்தேன். கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

18 செப்டம்பர்

பேசவில்லை. ரசம் பேசியது. அவ்வளவு காரம்.

20 செப்டம்பர், புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

சாயந்திரம் வேலம்மா வந்தாள். வழக்கமாக, "என்னண்ணே, பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். இன்றைக்கு வாசலிலேயே நின்றாள்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"எதம்மா? படங்கையா? அது பழைய கதை."

"படங்கா? ஆபீஸ் பலகையில லிஸ்டு ஒட்டிட்டாங்கண்ணே. அம்பத்தஞ்சுக்கு மேல அஞ்சு பொம்பளைங்கள நாள்கூலிக்கு வெச்சிக்கறாங்க. எம்பேரு இருக்கு. அக்கா பேரு இல்ல."

"அவ எதுக்கு அதுல இருக்கணும்?"

வேலம்மா என்னைப் பார்த்த பார்வை, வெற்றுக் கூடையைப் பார்ப்பது மாதிரி இருந்தது. அதற்குள் பவளம் வந்துவிட்டாள். சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

ஆடி மாதமே கங்காணியிடம் சொல்லிவைத்திருக்கிறாள். பென்சிலில் பேர் எழுதியிருக்கிறார்கள். இப்போது காணோம் என்றதும் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி நாகரத்தினத்திடம் போய்க் கேட்டிருக்கிறாள். "ஒங்க வீட்டுக்காரருதானக்கா வேணாம்னு சொன்னாரு" என்றானாம்.

நானா?

நான்தான். ஆகஸ்டு சம்பள நாள். ஆபீஸ் படியில் பத்துப் பேர் நிற்கிறோம். கிராணி, "பக்கிரி அண்ணே, அக்கா தொடருவாங்களா?" என்று கேட்டான். எங்கள் தோட்டத்தில் பெண்பிள்ளை விஷயத்தைப் புருசனிடம்தான் கேட்பது. எப்போதும் அப்படித்தான். நான், "அவளா? அவ இனிமே தொரையம்மா லா! கக்கத்துல பைய வெச்சிக்கிட்டு தானா ராத்தா டவுனுல காத்து வாங்கப் போறா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கிராணியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே பேரை அடித்துவிட்டான்.

"அதனால என்ன பவளம்? நாப்பது வருசம் ஒழச்சது போதாதா? வீட்டுல இரு" என்றேன்.

"எந்த வீட்டுல?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"வேல செய்யற ஆளு இல்லாத வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு தெரியாதா ஒனக்கு? ஒம்பேரு போயி எட்டு வருசம் ஆச்சி. இந்த எட்டு வருசமும் எம்பேருலதான்யா இந்த வீடு ஓடுது."

பழைய துரை என் தோளைத் தட்டி, 'நீ இருக்கற வரைக்கும் இரு பக்கிரி' என்றாரே. அந்தத் தட்டில்தான் வீடு நிற்கிறது என்று நினைத்திருந்தேன். அவர் கப்பலேறிப் போய் ஏழு வருடம் ஆகிறது.

எட்டு வருடமாக நான் இவள் வீட்டில் குடியிருந்திருக்கிறேன். வாடகை கேட்காத வீட்டுக்காரி.

21 செப்டம்பர், வியாழன்

கத்தினால் தேவலை. கத்தலுக்கு நான் பழகியவன். இவள் கத்தவில்லை. பானை சட்டியை எல்லாம் இறக்கி, எதை எடுத்துப்போவது, எதை யாருக்குக் கொடுப்பது என்று பிரித்து வைக்கிறாள். ஆட்டுக்கல்லை ஒரு தரம் நகர்த்திப் பார்த்தாள். நகரவில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஏண்டா பக்கிரி, ஒனக்கு எதுக்குடா நாக்கு? மூணு மாசத்துல வீட்ட விடணும். அறுபத்திமூணு வயசுல எங்கடா போவே? எவன்டா ஒன்ன வெச்சுக்குவான் — ஒன் தமாசக் கேட்டுக்கிட்டு?

22 செப்டம்பர், வெள்ளி

வேலை விட்டதும் குளித்து, புடவை மாற்றி, சாயந்திர பஸ்ஸில் ரிங்லெட்டுக்குத் தங்கச்சி மணியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"எதுக்கு?" என்றேன்.

"சாமான் வைக்க அவ வீட்டுல எடம் இருக்கான்னு பாக்க."

"என்னைய எங்க வைப்பே?"

"ஒன்ன வைக்கற அளவுக்கு அவ வீடு பெருசில்ல."

என்னைவிட நன்றாகத்தான் பேசுகிறாள். முப்பத்தாறு வருடம் கேட்டுக் கேட்டு வந்த பழக்கமாக இருக்கும். நெத்திலி சம்பல் வைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறாள். நான் பட்டினி கிடக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

23 செப்டம்பர், சனி

கிராணியைப் பார்க்கப் போனேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததுமே அவன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"கிராணியாரே, அன்னிக்கி நான் சொன்னது வெளையாட்டுக்கு. அவ பேரத் திரும்பப் போடணும்."

"அண்ணே, போதும் லா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அன்னிக்கி வேணாம்னீங்க. இன்னிக்கி வேணுங்கறீங்க. இதுல எதுண்ணே வெளையாட்டு?"

"வீடு போயிடும் தம்பி."

அப்போதும் சிரித்தான். நான் சிரிக்காமலே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவன் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டான். என்னை அந்த ஆபீசில் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

லிஸ்டு துரை மேசைக்குப் போய்விட்டதாம். தன் கையால் இனி மாற்ற முடியாதாம். "அன்னிக்கிச் சொன்னது தப்புன்னு எழுதிக் குடுங்க. செவ்வாக்கெழம தொர இருப்பாரு. நேருல வந்து சொல்லுங்க. நானும் கேக்க வேண்டியவங்களக் கேக்காம விட்டுட்டேன்" என்றான்.

வந்து எழுதினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் துரைக்குக் கடிதாசி எழுதுகிறேன்.

முதல் தாள்: 'என் மனைவியைப் பற்றி நான் சொன்னதை நம்பியது உங்கள் தப்பு.' கிழித்தேன்.

இரண்டாவது: 'பவளம் நன்றாகக் கொழுந்து எடுப்பாள். வாய் மட்டும் கொஞ்சம்.' கிழித்தேன்.

மூன்றாவதில் ஒரு வழியாக, 'நான் பக்கிரிசாமி. சம்பள நாளில் என் மனைவி வேலைக்கு வரமாட்டாள் என்று சொன்னேன். அவளைக் கேட்காமல் சொன்னேன். அது தப்பு. அவளுக்கு வேலை வேண்டும்' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் ரொம்ப மொட்டையாக இருந்தது. 'எனக்கும் பகலில் வீட்டில் நிம்மதி வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

24 செப்டம்பர், ஞாயிறு

பையின் கடைசி ஓரத்தைக் காலையில் தைத்து முடித்தேன். கடிதத்தை அதற்குள் வைத்து ரிங்லெட்டுக்குப் பஸ் ஏறினேன். கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான். வேறு எப்படிக் கொண்டுபோவது? கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு என்னை ஒரு தரம், பையை ஒரு தரம் பார்த்தான். "தொரையம்மாவோட அப்பா" என்றேன். மேற்கொண்டு அவன் கேட்கவில்லை.

மணியம்மா கதவைத் திறந்தாள். "அக்கா! மாமா வந்திருக்காரு, ஹேண்ட்பேக்கெல்லாம் போட்டுக்கிட்டு! பொட்டு மட்டுந்தான் கொறச்சலு!"

பவளம் அடுப்படியிலிருந்து வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பையை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். பொத்தானை எடுத்தாள். உள்ளே ஈயத்தாள் சரசர என்றது. மூடினாள். மறுபடி திறந்தாள். மறுபடி சரசர.

"சாக்குத் தைக்கற மாதிரியே தைச்சிருக்கே."

"எனக்குத் தெரிஞ்ச தையல் அது ஒண்ணுதானே."

"ஈயத்தாள் எதுக்கு?"

"நீ உள்ளாற எது வெச்சாலும் ஈரம் ஏறாது. மலைக்காத்துல தேயிலையே அதுலதானே கெடாம இருக்கு."

தையல் மேல் பெருவிரலை ஓட்டிக்கொண்டே போனாள். இடது மூலையில் நின்றாள். படங்கு தேய்ந்து வெளுத்த இடம் அது. கூடை உரசி உரசி வந்த தேய்மானம். அந்த இடம் உள்பக்கம் போகாமல், வெளியே தெரிகிற மாதிரி வெட்டியிருந்தேன்.

"இது கெடக்கட்டும். கிராணிகிட்டப் போனியா?"

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மணியம்மா உரக்கப் படித்தாள். 'அது தப்பு' என்று வந்த இடத்தில் பவளம் தலை நிமிர்ந்தாள். கடைசி வரி வந்ததும் மணியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பவளம் சிரிக்கவில்லை.

"அந்தக் கடைசி வரிய அடி."

அடித்தேன்.

"செவ்வாக்கெழம நானே வர்றேன். நானே பேசறேன். நீ கூட நில்லு. தொர எது கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு. வாயத் தொறந்தே, நான் இங்கேயே இருந்துடுவேன்."

"இவ வீடு பெருசில்லன்னியே?"

"ஒனக்குத்தான்யா பெருசில்ல."

26 செப்டம்பர், செவ்வாய்

சத்தியமாக வாயைத் திறக்கவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

பவளம் மஞ்சள் புடவை கட்டி, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸ் படியேறினாள். அந்த வெள்ளைக்கார அம்மாகூட இப்படி நிமிர்ந்து நடக்கவில்லை. சொல்ல எவ்வளவோ இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இப்போது இருக்கிற துரை மலாய்க்காரர், சின்ன வயது. கடிதத்தைக் கிராணி மலாயில் சொன்னான். துரை பவளத்தைப் பார்த்து, உன் புருசன் முதலில் சொன்னது உண்மையா என்று கேட்டார்.

"திடாக், துவான். டியா மாயின்-மாயின்" என்றாள் பவளம். இல்லை, அவர் விளையாடினார்.

துரை என்னைப் பார்த்தார். ஆட்டினேன். எப்போதும் இப்படித்தான் விளையாடுவானா என்று கேட்டார். அதற்கு என்னிடம் நாலு பதில் இருந்தது. நாலும் நல்ல பதில். கழுத்து நரம்பு வலிக்க ஆட்டினேன். கிராணி மேசைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

பவளம் பையைத் திறந்தாள். ஆபீஸ் முழுக்கச் சரசர. அடையாளக் கார்டு ஐ.சி.யை எடுத்து வைத்தாள். முப்பத்தெட்டு வருடத்து வேலைச் சீட்டுக்களைக் கட்டாக எடுத்து வைத்தாள். இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் இருப்பது இரண்டு அறை வீடு.

தெரிந்த மலாயை வைத்துக்கொண்டு துரையிடம் சொன்னாள்: இந்த மலையில் எந்த நிரையில் எந்தச் செடி மலட்டுச் செடி என்று எனக்குத் தெரியும். கொழுந்து எடுக்கப் போதாது என்றால் களை பிடுங்குகிறேன். நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். பேர் மட்டும் இருக்கட்டும்.

கெஞ்சவில்லை. கடையில் கொத்தமல்லி சேர்த்துப் போடு என்று கேட்கிற குரல்தான். ஆனால் பையைப் பிடித்திருந்த விரல் எல்லாம் வெளுத்திருந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

பார்க்கிறேன் என்றார் துரை. எழுந்திருக்கும்போது, பை எங்கே வாங்கியது என்று கேட்டார். பவளம் என் பக்கம் கையைக் காட்டினாள். நான் ஆட்டினேன்.

27 செப்டம்பர்

பதில் வரவில்லை. அந்த நாலு பதிலும் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. பவளத்திடம் ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். "தொரகிட்டச் சொல்லாம இருந்தியே, அது போதும்" என்றாள்.

28 செப்டம்பர்

வரவில்லை. இறக்கி வைத்த பானைகளை அவள் திரும்ப எடுத்து வைக்கவில்லை. நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

30 செப்டம்பர், சனி

ஆபீஸ் முன்னால் பந்தல். தேத்தண்ணி, கேக்கு, ஆளுக்கு ஒரு கடிகாரம். பவளம் பேரைக் கூப்பிட்டார்கள். போனாள், வாங்கினாள், வந்தாள். கடிகாரத்தை என் மடியில் வைத்தாள்.

அப்புறம் நாகரத்தினம் எழுந்து நின்றான். நாள்கூலிக்கு வைத்துக்கொள்வது ஐந்து பேர் இல்லை, ஆறு பேர் என்றான். அவரவரே வந்து, சம்மதமா இல்லையா என்று சொல்லிவிட்டுக் கைநாட்டு வைக்க வேண்டும் என்றான். வேலம்மாவைக் கூப்பிட்டதும் அவள் புருசன் வேலப்பன் எழுந்து, "அவ வருவாய்யா, எழுதிக்குங்க" என்றான்.

"நீங்க ஒக்காருங்கண்ணே. அக்கா சொல்லட்டும்" என்றான் கிராணி.

மொத்தப் பந்தலும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் கேக்கைப் பார்த்தேன்.

ஆறாவது பேர் பவளம். "சம்மதம்" என்றாள். அந்த ஒரு சொல்தான். பெருவிரல் மையைத் துடைக்கத் துணி தேடினாள். என் சலவைச் சட்டை பக்கத்தில் இருந்தது. அதிலேயே துடைத்தாள்.

2 அக்டோபர், திங்கள்

ஐந்தரை மணிக்கே எழுந்து அவளுக்குத் தேத்தண்ணி போட்டேன். குடித்துவிட்டு, சீனி அதிகம் என்றாள். வெளியே பனி. பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் இன்னும் தகரம் அடிக்கவில்லை.

இரண்டு நாளாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். தமாசாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். இது வேறு. வாசலில் அவள் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பவளம், ஒண்ணு சொல்லணும். வெளையாட்டு இல்ல."

"சொல்லு. நேரமாச்சி."

"அன்னிக்கி படியில நின்னுக்கிட்டு நான் சொன்னேன் பாரு... அது வந்து... நீ இத்தன வருசமா..."

தகரம் அடித்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "அக்கா, வாங்க லா!" என்று வேலம்மா குரல் கொடுத்தாள். பவளம் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"இரு பவளம், நான் இன்னும் முடிக்கல. இந்த எட்டு வருசமும் நான்..."

"அடுப்புல பாலு இருக்கு, பொங்கிடப் போவுது, போயி எறக்கு" என்று திரும்பாமலே சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விட்டாள்.